தென் சூடான் கிடங்கு வாடகை: பரவும் செய்தி சரியா?

"தென் சூடானில் வரும் நிவாரணப் பொருளையெல்லாம் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் தன் கிடங்கில் வைத்துக்கொண்டு, மற்ற தொண்டு நிறுவனங்களிடம் வாடகை கறக்கிறது" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அது சரியல்ல.

2005 முதல் போர், பேரிடர் நிவாரணத்தைத் துறைவாரியாக ஒருங்கிணைக்கும் முறை ஐ.நா.வில் இருக்கிறது. அதில் போக்குவரத்து, கிடங்கு வேலைக்குப் பொறுப்பு உலக உணவுத் திட்டம். பொருள் அதன் கைக்கு மாறிவிடுவதில்லை. அனுப்பிய நிறுவனத்துக்கே சொந்தம். பொதுக் கிடங்கில் இடம் பெரும்பாலும் இலவசம், செலவு நன்கொடையாளர் நிதியிலிருந்து. சொந்த லாரி வைத்திருப்பவர்கள் தாராளமாக ஓட்டலாம்.

ஆனால் மழைக்காலத்தில் அங்கே லாரி ஓடினால்தானே! பெரும்பாலான சாலைகள் சேறாகிவிடும். அப்புறம் நைல் நதிப் படகு, இல்லாவிட்டால் விமானம். ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக விமானம் அமர்த்தினால் கட்டுப்படியாகுமா? அதனால்தான் பகிர்வு.

வதந்திக்கு வித்து எங்கே என்றால், உலக உணவுத் திட்டம் நடத்தும் ஐ.நா. மனிதநேய விமானச் சேவையில் பயணிகளுக்குக் கட்டணம் உண்டு. அது செலவில் ஒரு பகுதியை ஈடுகட்ட மட்டுமே, மீதி நன்கொடை. யாரோ அந்த டிக்கெட்டைக் கிடங்கு வாடகையாக்கிவிட்டார்கள்.