ஒரு நாளுக்கு ஓர் ஊர் போதும்

திருச்சியில் இருந்து புதுக்கோட்டைப் பக்கம் ஒரு நாள் ட்ரிப் போக பிளான் போட்டுத் தரச் சொல்லி இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூவர் அனுப்பிய லிஸ்டும் ஏறக்குறைய ஒன்றுதான். காலையில் கொடும்பாளூர், அப்புறம் குடுமியான்மலை, சித்தன்னவாசல், நார்த்தாமலை, சாப்பிட்டுவிட்டுப் புதுக்கோட்டை மியூசியம், திருமயம் கோட்டை, நேரம் இருந்தால் ஆவுடையார்கோயில். மூன்று பேருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: ஓர் ஊரை வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் அடித்துவிடுங்கள். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிகிறது. "அவ்வளவு தூரம் போய்விட்டு ஒன்றை மட்டும் பார்ப்பதா?" என்று கேட்டார்கள். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும் போல இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பொங்கல் லீவில் நாங்களும் இதே லிஸ்டோடு கிளம்பினோம். அம்மா, நாங்கள் மூன்று பேர், தம்பி குடும்பம், நாத்தனார் குடும்பம் என்று பன்னிரண்டு பேர், ஒரு வேன். புளியோதரை, தயிர்சாதம் எல்லாம் கட்டியாயிற்று. ஆறு இடத்துக்குப் போனோம். சித்தன்னவாசலில் இருபத்தைந்து நிமிடம் இருந்திருப்போம், அதில் பாதி டிக்கெட்டுக்கும் பாத்ரூமுக்கும் போனது. அடுத்து ஒரு கோயிலில் நடை சாத்தியிருந்தது, கோபுரத்தை வெளியே இருந்து பார்த்துவிட்டு வண்டியேறினோம். நார்த்தாமலைக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. "மேலே ஏறினால் இறங்குவதற்குள் இருட்டிவிடும்" என்றார் டிரைவர். அவர் சொன்னதில் தப்பு இல்லை. கீழே நின்று மலையைப் படம் எடுத்துக்கொண்டோம். முழங்கால் வலியோடு வந்த அம்மா ஆறு இடத்தில் நான்கில் வேனை விட்டு இறங்கவே இல்லை.

மறுவாரம் போனில் படங்களைப் பார்த்தபோது எந்தத் தூண் எந்த ஊர் என்று எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அம்மா மட்டும் ஒன்று சொன்னாள். அவள் பிறந்தது கீரனூர் பக்கம். "சின்னப் பிள்ளையில் பங்குனித் திருவிழாவுக்கு நார்த்தாமலை மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே வருவோம். வருடா வருடம் வந்தும் அந்த மலை மேல் என்ன இருக்கிறது என்று ஒரு தடவைகூட ஏறிப் பார்த்ததில்லை. இந்தத் தடவையாவது நீங்கள் பார்த்துவிட்டு வந்து சொல்வீர்கள் என்று நினைத்தேன்." அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டையை அடைத்தது.

அடுத்த மாதமே ஒரு சனிக்கிழமை நானும் மகளும் மட்டும் பஸ் ஏறினோம். அவள் அப்போது ஏழாவது படித்தாள். கீரனூர் தாண்டி நார்த்தாமலை விலக்கில் இறங்கி ஆட்டோ பிடித்து ஊருக்குள் போனோம். அன்றைக்கு நார்த்தாமலை மட்டும்தான், வேறு எங்கும் போவதில்லை என்று முதலிலேயே பேசி வைத்துக்கொண்டோம். கோயில் இருக்கும் மேலமலை அப்படியொன்றும் உயரம் இல்லை. ஒரே பாறையாகச் சரிந்து கிடக்கும், அதன் முதுகின் மேலேயே நடந்து போக வேண்டும். மேலே கடை கிடையாது. தண்ணீர் கையில் இருக்க வேண்டும், வெயில் ஏறிவிட்டால் பாறையில் வெறுங்கால் வைக்க முடியாது.

மேலே போய்ச் சேர்ந்ததும் முன்னால் நிற்பது விசயாலய சோழீச்சரம். விமானத்தின் கீழ்த்தளங்கள் சதுரம், உச்சித் தளமும் சிகரமும் வட்டம். உள்ளே போனால் இன்னும் ஆச்சரியம்: வெளிச்சுவர் சதுரமாக இருக்க, அதற்குள் கருவறை வட்டமாக நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் சுற்றி வரலாம். சுற்றிலும் எட்டுச் சின்னக் கோயில்கள் இருந்தன, இப்போது ஆறு மிஞ்சியிருக்கின்றன. பூட்டைத் திறந்துவிட்ட பெரியவர் எங்களிடம் "எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்டார். "சாயங்காலம்தான் ஐயா, இன்றைக்கு இங்கே மட்டும்தான்" என்றேன். அவர் முகம் மாறியதை என்னால் மறக்க முடியாது. "அப்ப உக்காருங்கம்மா. வெயில் இந்தப் பக்கம் திரும்பட்டும், ஒண்ணு காட்டுறேன்" என்றார்.

இந்தக் கோயில் மேற்கு பார்த்தது. மூன்றரை மணிக்கு மேல் வெயில் சாய்வாக வாசலில் விழ ஆரம்பித்தது. காலையில் வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த கல்லில், துவாரபாலகர் காலடிக்குக் கீழே, எழுத்து எழுத்தாக நிழல் எழும்பி வந்தது. காலையில் அதே இடத்தில் நாங்கள் நின்றோம், அப்போது ஒன்றும் தெரியவில்லை. பெரியவர் விரலைக் கல்லில் படாமல் காற்றிலேயே ஓட்டிக் காட்டினார். கல்வெட்டு சொல்லும் சேதி இதுதான்: சாத்தன் பூதி என்கிற இளங்கோவதியரையர் எடுத்த கற்றளி, அதாவது கல் கோயில் இது, மழையில் இடிந்து அழிந்தது, மல்லன் விடுமன் என்கிற தென்னவன் தமிழதியரையன் அதைப் புதுப்பித்தான்.

மழையில் இடிந்ததாம். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு கோயிலைப் பற்றி நம் தெருவில் சுவர் விழுந்ததைச் சொல்வது மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள். மகள் உடனே "தாத்தா, இடி விழுந்துச்சா, இல்லை மழை மட்டும் பெஞ்சதா?" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, "மழை இடிச்சுதுன்னுதான் எழுதியிருக்கு கண்ணு, அதுக்கு மேல நமக்குத் தெரியாது" என்றார். எனக்கு வேறு ஒன்று உறைத்தது. கோயில் பெயர் விசயாலய சோழீச்சரம். ஆனால் கட்டியவர் என்று கல் சொல்வது முத்தரையர் தலைவர் ஒருவரை. முத்தரையர்களிடம் இருந்துதான் ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சோழன் விசயாலயன் தஞ்சையைப் பிடித்தான். பேர் ஜெயித்தவர் பேராகிவிட்டது. கட்டியவர் பேரைக் காப்பாற்றி வைத்திருப்பது வாசலில் இருக்கும் அந்தச் சில வரிகள்தான். படிப்பதற்குச் சாயங்கால வெயில் வர வேண்டியிருக்கிறது. ஆறு இடம் லிஸ்டில் இருந்தால் அந்த வெயிலுக்கு யார் காத்திருக்கப் போகிறார்கள்?

கோயிலுக்கு நேர் எதிரே பாறையைக் குடைந்து செய்த இரண்டு குடைவரைக் கோயில்கள். பெரியதை ஊரில் சமணர் குடகு என்கிறார்கள். உள்ளே பன்னிரண்டு திருமால் சிலைகள், ஆள் உயரத்தில், வரிசையாக, ஒன்றுபோலவே நிற்கின்றன. என் மகள் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று வித்தியாசம் தேடினாள், அதிலேயே அரை மணி நேரம் போனது. சின்னது பழியிலி ஈச்சரம். பல்லவன் நிருபதுங்கனின் 7-ஆம் ஆட்சியாண்டில் சாத்தன் பழியிலி குடைவித்தது. அவர் மகள் சிறிய நங்கை அதற்கு முகமண்டபம், நந்தி, நந்திக்கு ஒரு கொட்டில், பலிபீடம் எல்லாம் செய்து வைத்தாள் என்று அங்கே கல்வெட்டு இருக்கிறது. அப்பா குடைந்த கோயிலுக்கு முன்னால் மகள் மண்டபம் கட்டியிருக்கிறாள். நந்திக்குக் கொட்டில் கட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள், வீட்டு மாட்டுக்குச் செய்வது போல. அதைச் சொன்னதும் என் மகள் அந்த நந்தியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கொட்டில் எங்கேம்மா?" என்றாள்.

இதெல்லாம் நமக்கு இன்று தெரிகிறது என்றால் அதற்குப் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்கும் நன்றி சொல்ல வேண்டும். 1910-லேயே மியூசியம் வைத்தார்கள், இன்றும் திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. 1929-இல் தங்கள் எல்லைக்குள் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளை அச்சிட்டுப் புத்தகமாக வெளியிட்டார்கள். ஊர் ஊராகப் போய்ப் படியெடுத்தவர்கள் ஒவ்வொரு கல்லின் முன்னாலும் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார்கள்! அதே கல்லுக்கு நாம் பத்து நிமிடம் கொடுக்கிறோம்.

சித்தன்னவாசலுக்கு அதற்கப்புறம் தனியாக ஒரு நாள் வைத்துக்கொண்டு போனோம். எல்லோரும் அறிவர் கோயில் என்கிற சமணக் குடைவரைக்குப் போய் விதானத்தில் இருக்கும் தாமரைக் குளத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நாங்களும் முதல் தடவை அப்படித்தான் செய்தோம். அந்தக் குளத்தையே கண் பழகும் வரை நின்று பார்க்க வேண்டும். முதலில் பச்சையும் வெள்ளையுமாக ஒரு கலங்கல்தான் தெரியும். ஐந்து நிமிடம் கழித்து ஒரு மீன் தெரியும், அப்புறம் ஓர் எருமை, யானை, பறவைகள், பூப்பறிக்கும் ஆட்கள். மகள் எருமையைக் கண்டுபிடித்ததும் கத்திவிட்டாள். பாண்டியன் சீமாற சீவல்லபன் காலத்தில் இளங்கௌதமன் என்கிற மதுரை ஆசிரியர் இந்தக் கோயிலைப் புதுக்கி முன்மண்டபம் எடுத்தார் என்று அங்கே பாட்டாகவே கல்வெட்டு இருக்கிறது. நிறைய நிறம் போய்விட்டது. மிச்சம் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள், ஆனால் அவசரப்பட்டுப் பார்க்காதீர்கள்.

அதே மலையில் மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் ஏழடிப்பட்டம். சமணத் துறவிகள் படுத்த பதினேழு கல் படுக்கைகள், தலைமாட்டில் கல்லிலேயே தலையணை. அதில் ஒன்றில் தமிழ்ப் பிராமி என்கிற பழைய எழுத்தில், எருமி நாட்டில் குமிழூரில் பிறந்த ஒரு துறவிக்குச் சிறுபோசில் இளையர் செய்துகொடுத்த இருக்கை என்று எழுதியிருக்கிறது. ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம். எருமி நாடு என்பது மைசூர்ப் பக்கம் என்கிறார்கள். அவ்வளவு தூரத்தில் இருந்து நடந்து வந்த ஒருவருக்குப் படுக்க இடம் செய்துகொடுத்திருக்கிறார்கள், அவர் எந்த ஊர் என்பதையும் மறக்காமல் எழுதியிருக்கிறார்கள். அந்த வழியில் நின்றால் காற்று நன்றாக அடிக்கும், கீழே வயலும் கண்மாயும் தெரியும். அங்கே ஒருவர்கூட இல்லை. கீழே பார்க்கிங்கில் நான்கு வேன் நின்றது.

சில இடங்களில் புதிதாகப் பேர் கீறியிருப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. பழைய எழுத்துக்கு மேலேயே ஆணியால் கீறுகிறார்கள். 1958-ஆம் வருடத்துத் தொல்சின்னச் சட்டப்படி இதற்கு இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் வண்டியில் ஏறும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். ஆனால் என் அனுபவத்தில், ஒரு வரியையாவது உட்கார்ந்து படித்த பிள்ளை அந்தக் கல்லில் கை வைப்பதில்லை. என் மகளுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. பெரியவர் காற்றில் விரலை ஓட்டியதைப் பார்த்தாள், அவளும் அப்படியே ஓட்டினாள்.

"எல்லோருக்கும் இத்தனை லீவு கிடைக்குமா?" என்று கேட்பது புரிகிறது. எனக்கும் மாதத்தில் இரண்டு சனிக்கிழமைதான். ஆனால் இந்த ஊர்கள் ஓடிப்போகப் போவதில்லை. திருச்சியில் இருந்து போகவர பஸ் டிக்கெட்டோடு முடிகிற செலவு. வருடத்துக்கு மூன்று ஊர் பார்த்தால்கூட இரண்டு வருடத்தில் அந்த லிஸ்ட் ஏறக்குறைய முடிந்துவிடும். பார்த்தது மனதிலும் நிற்கும்.

மலை ஏற முடியாதவர்களைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் கொடும்பாளூர் போங்கள். விராலிமலை தாண்டி மதுரை ரோட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது, ஏற வேண்டியதே இல்லை. மூவர் கோயிலில் இரண்டுதான் மிஞ்சியிருக்கிறது, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். கொடும்பாளூரை ஆண்ட இருக்குவேளிர் குலத் தலைவர் பூதி விக்கிரமகேசரி தன் பேரிலும், கற்றளி, வரகுணை என்ற இரண்டு மனைவியர் பேரிலும் எடுத்தது. உறையூரில் இருந்து மதுரைக்கு நடந்த கோவலனும் கண்ணகியும் கேட்ட வழியில் வருகிற ஊரும் இதுதான். போன மாதம் அம்மாவை அங்கே கூட்டிப் போனேன். புல்வெளியில் ஒரு மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். மூன்று மணி நேரம் இருந்தாள். "மூணாவது கோயிலை மட்டும் யாரு எடுத்துட்டுப் போனா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கிளம்பும்போது தானே எழுந்து, தடியை ஊன்றி, அந்த வெறும் அடித்தளத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தாள். அதற்கு அப்புறம் நார்த்தாமலைப் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு மேலே என்ன இருக்கிறது என்று முழுதாகச் சொன்னேன். மழை இடித்த கதையை இரண்டு தடவை கேட்டாள்.

அடுத்தது குடுமியான்மலை. அங்கே குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் இசைக் கல்வெட்டு இருக்கிறது. பாறை முழுக்கக் கிரந்த எழுத்தில் ஸ்வரக் கோவைகள், முடிவில் தமிழில் ஒரே ஒரு வரி: "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய." எட்டுத் தந்தி வாத்தியம், ஏழு தந்தி வாத்தியம் இரண்டிலும் இவற்றை வாசிக்கலாம் என்று அதற்கு அறிஞர்கள் பொருள் சொல்கிறார்கள். மகள் வீணை கற்றுக்கொள்கிறாள். நேற்று இதைச் சொன்னதும் எழுந்து போய்த் தன் வீணையில் தந்திகளை விரல் வைத்து எண்ணினாள். வாசிக்கிற தந்தி நான்கு, பக்கத்தில் தாளத் தந்தி மூன்று. "ஏழும்மா" என்றாள்.