உடனே பதில் சொல்லாதது திமிர் அல்ல

கடந்த வாரம் நம் குழுவில் நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள் என்பதால் அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. செய்தியைப் படித்துவிட்டு மறுநாள் வரை பதில் போடாத என்னைத் 'திமிர் பிடித்தவர்' என்று அத்தனை பேர் முன்னிலையில் எழுதியதற்கும், அதன் கீழே வரிசையாக விழுந்த கைதட்டல் பொம்மைகளுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. உடனே பதில் சொல்லாதது திமிர் அல்ல. இணையத்தை மாலையில் ஒருமுறை மட்டும் திறக்கப் போவதாக நான் முன்பே இங்கே எழுதியிருந்தேன். அப்போது 'அருமையான முடிவு' என்று பாராட்டியவர்களும் இப்போது கைதட்டியவர்களில் இருக்கிறார்கள்.

செய்தி படிக்கப்பட்டதைக் காட்டும் அந்த இரண்டு நீலக் குறிகளை வாட்ஸ்அப் கொண்டுவந்தது 2014 நவம்பரில்தான். அதற்கு முன்பும் தாமதமாகப் பதில் எழுதினோம்; யாரும் யாரையும் கூண்டில் ஏற்றவில்லை. எதிர்ப்பு எழுந்ததும் அக்குறிகளை அணைத்துவைக்கும் வசதியை அந்த நிறுவனமே கொடுத்துவிட்டது. நிறுவனம் இறங்கிவந்த அளவுக்குக்கூட நண்பர்களுக்கு மனம் வரவில்லை.

மனக்கட்டுப்பாடு இருந்தால் போதுமே, கைப்பேசியை ஏன் ஒதுக்க வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். முகநூலின் முதல் தலைவராக இருந்த ஷான் பார்க்கர், மக்களின் நேரத்தையும் கவனத்தையும் முடிந்தவரை எடுத்துக்கொள்வது எப்படி என்ற எண்ணத்தோடுதான் முகநூல் போன்ற தளங்கள் உருவாக்கப்பட்டன என்று 2017-இல் வெளிப்படையாகவே சொன்னார். தள்ளத் தள்ள முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் பக்கத்தை 2006-இல் வடிவமைத்த ஆசா ராஸ்கின், பின்னாளில் அதற்காக வருந்தினார். செய்தவர்களே வருந்தும் ஒன்றை நான் மனக்கட்டுப்பாட்டால் வெல்ல வேண்டுமாம்!

"பிறகு ஏன் முகநூலில் எழுதுகிறீர்கள்?" என்ற கேள்வி நிச்சயம் வரும். குறைத்துக்கொண்டேன் என்றேனே தவிர, துறவறம் பூண்டதாகச் சொல்லவில்லை. பிழைப்பே கைப்பேசியில் நடப்பவர்களுக்கு இது முடியுமா என்றால், முடியாதுதான். அவர்களுக்கு நான் அறிவுரை கூறவும் இல்லை. அவசரம் என்றால் என்ன செய்வது என்பவர்களுக்கு ஒன்று: கைப்பேசியில் பேசவும் முடியும்.

என் அம்மா எதையும் நிதானமாக, சுற்றி வளைத்துத்தான் சொல்வார். எதிரே இருப்பவரின் கண் திரைக்குப் போனால் பாதி வாக்கியத்தில் நிறுத்திக்கொள்வார். கோபப்பட மாட்டார், "நீ பார்த்து முடி" என்பார். பார்த்து முடித்த பிறகு "என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடுவார். அந்த 'ஒன்றுமில்லை'க்குள் போன கதைகள் எத்தனையோ. இப்போது மாலை வரை கைப்பேசி வேறு அறையில் கிடப்பதால் ஒவ்வொரு கதையும் அதன் முடிவு வரை வருகிறது. அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் யாருக்கோ நான் பதில் அனுப்பவில்லை என்றால் அது திமிர் அல்ல, ஐயா.

என்னைத் திமிர் பிடித்தவர் என்று எழுதியவரும் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். அம்மா அவரிடம் குடும்பத்தை எல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தார். அவர் தலை நிமிராமல் 'ம்' கொட்டிக்கொண்டு யாருக்கோ உடனுக்குடன் பதில் அனுப்பிக்கொண்டிருந்தார். அன்றும் அம்மா "ஒன்றுமில்லை" என்றுதான் சொன்னார். அவரை நான் எந்தக் குழுவிலும் எழுதி அவமதிக்கவில்லை. என்னிடம் கோபம் இருந்தால் ஓர் அழைப்பில் கேட்டிருக்கலாமே. இத்தனை ஆண்டுப் பழக்கத்துக்கு அதுகூடவா இல்லை?