அது பங்குதாரர் கூட்டம் இல்லை, சினிமாக் காட்சி

பாம்பன், மண்டபம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றுகிறது. கோட் போட்ட ஒருவர் பேராசையைப் புகழ்ந்து பேச, கூட்டம் கைதட்டுகிறது. "ஆர்ஜேஆர் நபிஸ்கோவைக் கடனில் வாங்கியவரின் நிஜப் பேச்சு, கடன் முழுக்கப் பங்குதாரர் தலையில் விழுந்தது" என்று கீழே குறிப்பு (ஆர்ஜேஆர் நபிஸ்கோ ஒரு அமெரிக்க சிகரெட், பிஸ்கட் கம்பெனி). இரண்டுமே தவறு.

பேசுபவர் நடிகர் மைக்கேல் டக்ளஸ். படம் 1987-இல் வந்த 'வால் ஸ்ட்ரீட்'. இந்த வேடத்துக்குத்தான் அவருக்கு ஆஸ்கார் கிடைத்தது. காட்சியில் வரும் டெல்டார் பேப்பர் கம்பெனியே கற்பனை.

நபிஸ்கோ விற்பனை முடிவானது அடுத்த வருடம், 1988 நவம்பர் கடைசியில். கேகேஆர் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் பங்குக்கு 109 டாலர் என்று, மொத்தம் சுமார் 2,500 கோடி டாலருக்குக் கேட்டு வாங்கியது. பங்குதாரர்களுக்கு விலை கிடைத்தது. வாங்குவதற்காகப் பட்ட கடன் ஏறியது கம்பெனியின் மேல்.

நம் கடற்கரைக் கணக்கில் பாருங்கள். வாங்கப்போகும் விசைப்படகையே ஈடு காட்டிக் கடன் வாங்கி, மீன்பாட்டு வருமானத்தில் தவணை கட்டுவது மாதிரி. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிற்கும், வட்டி நிற்காது. அந்த நெருக்கடியில் கூலிக்குப் போகிறவர் படும் பாடுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

சரி, சரிபார்ப்பது எளிது. படத்தைப் போட்டுப் பார்த்தாலே காட்சி இருக்கும். விலை விவரம் 1988 டிசம்பர் தொடக்கத்து அமெரிக்க நாளிதழ்களில் உள்ளது.

தயவுசெய்து இதை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் "இது சினிமா" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.