தள்ளிவிட ஆள் வேண்டும்

போன வாரம் என் கைபேசியில் இருந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டுப் பட்டறைத் தம்பி கேட்டார்: “அண்ணே, விளக்கு இல்லை, கதவு இல்லை, கியர்கூட இல்லை. இதை வாங்கி நம் சுங்கை சிப்புட்டில் என்ன செய்வது?” கையில் வேலை இருந்ததால் அப்போது பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

அது பழைய ஸ்பிரிண்ட் பந்தயக் கார். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் களிமண் வட்டப்பாதையில் ஓடுவதற்கென்றே செய்தது. பெர்த்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, எழுபது வயதைத் தாண்டிய ஒருவரின் கொட்டகையில் அதைத் தொட்டுப் பார்த்தேன். ஸ்டார்ட்டர் கிடையாது, பேட்டரி கிடையாது, கிளட்ச் கிடையாது. ஒரு நெம்புகோலைத் தள்ளினால் இஞ்சின் நேராகப் பின் அச்சோடு கோத்துக்கொள்ளும். பிறகு இன்னொரு வண்டி பின்னால் வந்து முட்டித் தள்ள வேண்டும். பெரியவர் எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் எழும்பிய பிறகுதான், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் சுவிட்சைப் போட்டார். அந்தச் சத்தம் காதில் விழவில்லை, நெஞ்சுக்கூட்டில் விழுந்தது. பெட்ரோலுக்குப் பதில் ஊற்றும் மெத்தனால் என்ற எரிசாராயத்தின் ஆவியில் கண் எரிந்து நீர் வழிந்தது. நகர்ந்து நிற்க மனம் வரவில்லை.

எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. தோட்டத்து லாரி ஓட்டியவர். மழைக்கால விடியலில் பேட்டரி இறங்கிவிட்டால் லயத்து, அதாவது தோட்டக் குடியிருப்பு வரிசை வீடுகளின், ஆண்கள் எல்லாரும் தோள் கொடுப்பார்கள். பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போகிற பெண்கள்கூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வருவார்கள். லாரி உறுமிய பிறகுதான் அவரவர் வேலை செய்யும் மர வரிசைக்குப் போவார்கள்.

இன்றைய காரில் மூடியைத் திறந்தால் பிளாஸ்டிக் கவசம்தான் தெரிகிறது. கணினியைச் செருகாமல் நோய் தெரியாது. இந்த வண்டியில் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. இடப்பக்கம் மட்டுமே திரும்பும் பந்தயம் என்பதால் வலது பின் டயர் இடதைவிடப் பெரியது. நேர்சாலையில் விட்டால் இடப்பக்கமே இழுக்கும். பின் அச்சின் மூடியைக் கழற்றி இரண்டு பற்சக்கரங்களை மாற்றினால் போதும், பாதைக்கு ஏற்ற வேகம் கிடைத்துவிடும். ஒரு தொழிலாளியின் புத்தியை இவ்வளவு மதிக்கிற இயந்திரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆனால் ஆசை வேறு, வைத்துப் பராமரிப்பது வேறு. மெத்தனாலைப் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஊற்ற வேண்டும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி அலுமினியத்தை அரிக்கும். ஓட்டி முடித்த அன்றே குழாய்களையும் பம்பையும் கழுவிவிட வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு நாள் சோம்பினாலும் நட்டம். தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் அதன் சுவாலை கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் தண்ணீர் வாளி இல்லாமல் பெரியவர் எதையும் தொடுவதில்லை.

வாங்குகிறவர்கள் ஒன்றைக் கேளுங்கள். ஆஃபன்ஹவுசர் என்ற பழைய அமெரிக்கப் பந்தய இஞ்சின் அழகுதான், பெருமைதான், ஆனால் ஒரு பாகத்துக்காக மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். 1955இல் வந்த சிறிய செவ்ரோலெட் வி8, அதாவது எட்டு சிலிண்டர் இஞ்சின், பொருத்திய வண்டியை எடுங்கள், பாகங்கள் தாராளமாகக் கிடைக்கும். பாதுகாப்புக் கூண்டு இல்லாத பழைய வண்டி என்றால் மெதுவாக ஓட்டிக் காட்டுவதோடு நிறுத்துங்கள். கூண்டு வராத காலத்தில் செத்துப்போன ஓட்டுநர்கள் கொஞ்சமல்ல.

இங்கே மலேசியாவுக்குக் கொண்டு வரலாமா? கூடாது என்பேன். சாலையில் ஓட்டப் பதிவு கிடைக்காது. செப்பாங் பந்தயத் திடலில் இருப்பது தார்ப்பாதை. செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் ஓட்டலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். இருபுறமும் கால்வாய், நடுவில் குலை ஏற்றும் டிராக்டர், வேலை முடிந்து நடந்து போகிற மனிதர்கள். அந்த எண்ணமே வேண்டாம். கடைசியில் அது யாரோ ஒருவர் வீட்டு முன்கூடத்தில் பளபளவென்று நிற்கும், ஒரு தடவைகூட உறுமாமல். அப்படி நிறுத்தி வைப்பதற்கு அதை உருக்கிவிடலாம்.

நான் அதைக் களிமண் இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, அதில் ஒரு பங்கு வாங்கியிருக்கிறேன். பெரியவருக்குப் பணத்தைவிடக் கைதான் தேவைப்படுகிறது. பிள்ளைகள் வெவ்வேறு ஊர்களில் இருக்கிறார்கள். ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் பின் அச்சைப் பிரிக்கிறோம். விமான டிக்கெட் எடுத்துவிட்டேன். தம்பி, உங்கள் பாஸ்போர்ட் இன்னும் செல்லுபடியாகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.