என் மாமாவுக்கு வந்தது டிபி மட்டும் இல்லை

2003-இல் பட்டர்வொர்த்தில் என் தாய்மாமா இறந்தபோது, கேட்டவர்களுக்கெல்லாம் "டிபி" என்றுதான் பாட்டி சொன்னார். பாதி உண்மைதான். எச்.ஐ.வி. கிருமி உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அரித்த பிறகு, ஆளைக் கொண்டுபோவது பெரும்பாலும் வேறொரு நோய். உலகம் முழுக்க அதில் முதலிடம் இன்றும் டிபிக்குத்தான். மறு பாதியைப் பாட்டி கடைசிவரை சொல்லவில்லை.

மாமாவுக்கு எச்.ஐ.வி. வந்தது, பலர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்ட போதை ஊசியில். அந்தக் காலத்தில் மலேசியாவில் பெரும்பாலோருக்கு அப்படித்தான். அவருடைய தட்டும் டம்ளரும் தனியாகக் கொல்லைப்புறத்தில் கவிழ்ந்திருக்கும். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால், அம்மா உடனே ஏதாவது வேலை சொல்லிக் கூப்பிடுவார். எச்சிலிலும் தொடுவதிலும் அது பரவாது என்பது மருத்துவர்களுக்கு அன்றே தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்து தமிழில் சொல்லத்தான் ஆளில்லை.

அவர் போய் இரண்டு வருடத்தில் போதை ஊசிக்குப் பதிலாக வாய்வழி மருந்து கொடுக்கும் மெத்தடோன் சிகிச்சையை அரசாங்கம் தொடங்கியது. 2006-இல் சுத்தமான ஊசியும் கொடுத்தார்கள். "போதைக்காரனுக்கு ஊசியா?" என்று பலர் கொதித்தபோதும் தொற்றுநோய் நிபுணர் டாக்டர் அடீபா கமாருல்சமான் போன்றவர்கள் விடாமல் வாதாடினார்கள். ஊசி வழித் தொற்று அப்புறம் நன்றாகவே இறங்கியது. கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது.

தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்ததாக 2018-இல் உலக சுகாதார நிறுவனம் மலேசியாவை அங்கீகரித்தது. மேற்கு பசிபிக் வட்டாரத்தில் நாம்தான் முதல் நாடு. யார் ஒழுக்கம், யார் ஒழுக்கமில்லை என்று பிரிக்காமல், வந்த கர்ப்பிணிகளுக்கெல்லாம் பரிசோதனை செய்ததால் நடந்தது அது.

இப்போது பலருக்குத் தினம் ஒரே மாத்திரை போதும். ஒழுங்காகச் சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கி, அப்படியே நின்றால், உடலுறவில் துணைக்குப் பரவாது. அதாவது ஒருவருக்குக் கொடுக்கும் மருந்து அடுத்தவரையும் காக்கிறது. இப்படி மருந்து இருந்தும் உலகில் வருடத்துக்கு 6 லட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள். மருந்து எட்டாதவர்கள் நிறைய. நம் ஊரில் கிளினிக் கெசிஹாத்தான் என்கிற அரசாங்க மருத்துவ நிலையம் பக்கத்திலேயே இருந்தும், யாராவது பார்த்துவிடுவார்களோ என்று போகாதவர்களும் இருக்கிறார்கள்.

போன மாதம் பினாங்கில் ஒரு கல்யாணப் பந்தி. ஒரு தம்பியைப் பற்றிக் கிசுகிசுத்து இரண்டு பேர் எழுந்து வேறு வரிசைக்குப் போனார்கள். நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரசம் வரும்வரை வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.