நண்டில் கசியும் நீலம் மருந்தல்ல

திருகோணமலையில் வாங்கிய நண்டை வெட்ட நீலத் தண்ணீர் வந்ததாம், மருந்து அடித்திருக்கிறார்களாம் என்று ஒருவர் பதிவிட்டிருக்கிறார். அண்ணா, நண்டின் இரத்தமே அந்த நிறந்தான். இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்க நமக்கு இரும்பு செய்யும் வேலையை அதற்குச் செம்பு செய்கிறது. ஹீமோசயனின் என்ற அந்தச் செம்புள்ள புரதம் ஒட்சிசன் ஏறினால் நீலமாகும், இறங்கினால் நிறமிழக்கும். பெல்ஜிய உடலியலாளர் லியோன் ஃபிரெடெரிக் 1878இலேயே ஒக்டோபஸ் இரத்தத்தில் இதைக் கண்டு பெயரும் வைத்தார்.

நீங்களே பார்க்கலாம். உயிர் நண்டாக வாங்குங்கள். கால் மூட்டின் மெல்லிய தோலை வெட்டி, நாலைந்து துளியை வெள்ளைப் பீங்கானில் விடுங்கள். முதலில் நிறம் அவ்வளவாகத் தெரியாது. காற்றுப்பட இளநீலம் ஏறும். கழுவிய நண்டில் பார்க்காதீர்கள், தண்ணீர் கலந்து நிறம் மங்கிவிடும். பழசா என்றறிய மூக்கு போதும்: அமோனியா வாடை அடித்தால் வாங்க வேண்டாம்.