படம் பளிச்சென்றுதான் வருகிறது

தம்பி: அங்கிள், 'டிவியில் எல்லாம் தப்பாக வருகிறது' என்று புகார் கொடுத்தது நீங்கள்தானே? படம் உடைந்து உடைந்து வருகிறதா?

அங்கிள்: படம் பளிச்சென்று வருகிறது.

தம்பி: அப்போ சத்தம்?

அங்கிள்: அதுவும் கணீரென்று வருகிறது. அதுதான் பிரச்சினையே. டிவியில் பேசுகிறவன் தப்பைக் கணீரென்று சொல்கிறான்.

தம்பி: பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்தீர்களா?

அங்கிள்: பார்த்தேன். மறுபடி வந்து அதே தப்பைத்தான் சொன்னான். மறுஒளிபரப்பு.

தம்பி: அப்படி என்ன சொன்னான்?

அங்கிள்: ஜோசஃப் ஸ்கூலிங் 2016-ல் ரியோவில் நீச்சலில் வாங்கியதுதான் சிங்கப்பூரின் முதல் ஒலிம்பிக் பதக்கமாம்.

தம்பி: சரிதானே?

(இந்த இடத்தில் எந்த அங்கிளும் குரலை உயர்த்துவார். இவரும் உயர்த்தினார்.)

அங்கிள்: முதல் தங்கம், தம்பி! முதல் பதக்கம் இல்லை. 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் டான் ஹாவ் லியாங் பளு தூக்கி வெள்ளி வாங்கினாரே, அவர் தூக்கியது என்ன, தேக்கா மார்க்கெட் காய்கறிப் பையா? 2008-ல் பெய்ஜிங்கில் நம் மேசைப்பந்துப் பெண்கள் வெள்ளி வாங்கினார்கள். அதுவும் கணக்கில் இல்லை.

தம்பி: (டிவிக்குப் பின்னால் குனிந்து) கேபிள் கொஞ்சம் லூசாக இருக்குமோ?

அங்கிள்: லூசாக இருப்பது கேபிள் இல்லை. இன்னும் கேள். அதே நீச்சல் போட்டியில் ஃபெல்ப்ஸுக்கு வெள்ளி, லெ க்ளோவுக்கு வெண்கலம் என்று பட்டியல் போட்டான். அன்றைக்கு ஃபெல்ப்ஸ், லெ க்ளோ, ஹங்கேரிக்காரர் செ, மூன்று பேரும் 51.14 விநாடி. மூன்று பேருக்கும் வெள்ளி.

தம்பி: மூன்று வெள்ளியா? அப்போ வெண்கலம்?

அங்கிள்: கிடையாது.

தம்பி: எப்படிக் கிடையாது? செய்து வைத்திருப்பார்களே?

அங்கிள்: இரண்டாம் இடத்திலேயே மூன்று பேர் நின்றுவிட்டால் மூன்றாம் இடத்துக்கு ஆள் ஏது?

தம்பி: சரி அங்கிள். ஆனால் செய்து வைத்த வெண்கலம் எங்கே போயிருக்கும்?

அங்கிள்: அதை விடு. ஸ்கூலிங் நீந்தியது 50.39 விநாடி. அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 39-ஐ எவ்வளவு பெரிய எழுத்தில் காட்டினான் தெரியுமா? நூறில் ஒரு விநாடியைக்கூட விடமாட்டார்கள், 56 வருஷத்தை மட்டும் அப்படியே விழுங்கிவிடுவார்கள். தண்ணீருக்கு அடியில் கேமரா, தலைக்கு மேலே கேமரா. பேசுகிறவன் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

தம்பி: நியாயம்தான். (சற்று யோசித்து) கூடுதலாக இரண்டு வெள்ளி வேண்டியிருந்திருக்குமே. அதை எங்கிருந்து எடுத்திருப்பார்கள்?

அங்கிள்: தம்பி!

தம்பி: சரி, சரி. ஒரு சின்னத் தப்பு, விட்டுவிடக் கூடாதா?

அங்கிள்: எங்கே விடுவது? என் பேத்தி பள்ளிக்கூடத்துக்கு ஒரு பக்கம் எழுதினாள். 'முதல் பதக்கம் 2016' என்று இருந்தது. திருத்தச் சொன்னேன். "தாத்தா, டிவியிலேயே சொன்னார்கள்" என்கிறாள். எனக்கும் டிவிக்கும் போட்டி வந்தால் வெண்கலம்கூட எனக்கு மிஞ்சாது.

தம்பி: அந்த வெண்கலம்...

அங்கிள்: பேசாதே. 2023-ல் ஹாங்ஜோவில் சாந்தி பெரேரா 200 மீட்டரில் தங்கம் வாங்கினாரே, அதுதான் ஆசிய விளையாட்டு ஓட்டப் பந்தயத்தில் நமக்கு முதல் தங்கமாம். 1974-ல் டெஹ்ரானில் சீ சுவீ லீ 400 மீட்டரில் தங்கம் வாங்கியாகிவிட்டது. 49 வருஷம் காத்திருந்து வந்தது என்பதுதான் சாந்தி தங்கத்தின் ருசியே. 'முதல்' என்று சொன்னால் காத்திருந்தது எல்லாம் போச்சு. இவர்களுக்கு எல்லாமே முதல். உலகம் நேற்று மத்தியானம்தான் பிறந்தது.

தம்பி: ரிமோட்டைக் கொடுங்கள், வேறு சேனல் பார்க்கலாம். ஆ, கிரிக்கெட்! நம்ம வாஷிங்டன் சுந்தர்... ஐயோ, என்ன இது? 'இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர்' என்று போட்டிருக்கிறான்!

அங்கிள்: இடது கைதானே?

தம்பி: பேட் பிடிப்பதுதான் இடது கை! பந்து போடுவது வலது கை! 2024-ல் புனேயில் நியூசிலாந்து அணியில் ஒரே இன்னிங்ஸில் ஏழு பேரை வெளியே அனுப்பினாரே, அது எந்தக் கை? சென்னைப் பையன் என்றால் அவ்வளவு இளக்காரமா? பந்து போடுவதைக் காட்டிக்கொண்டே கீழே இடது கை என்று எழுதுகிறான், கண் எங்கே இருக்கிறது இவனுக்கு?

அங்கிள்: ஒரு சின்னத் தப்பு, விட்டுவிடக் கூடாதா? பெட்டியை அணைத்துப் போட்டுப் பார்.

தம்பி: (அணைத்துப் போட்டுப் பார்க்கிறார்) இன்னும் இடது கைதான்.

அங்கிள்: சரி, உட்கார். கோப்பி குடி.

தம்பி: குடிக்கிறேன். முதலில் வேலை முடிந்தது என்று போனில் தட்டவேண்டும். என்ன கோளாறு என்று கேட்கிறது. சிக்னல், பெட்டி, ரிமோட், கேபிள், வாடிக்கையாளர். ஐந்தில் ஒன்றைத்தான் தொட முடியும்.

அங்கிள்: பேசுகிறவன் என்று ஒன்று இல்லையா?

தம்பி: இல்லை அங்கிள். 'வாடிக்கையாளர்' என்றே போட்டுவிடட்டுமா?

அங்கிள்: போடு. என் பேரையாவது சரியாகப் போட்டிருக்கிறார்களா பார்.

தம்பி: பேர் சரியாக இருக்கிறது. முன்னால் 'திருமதி' என்று இருக்கிறது, அவ்வளவுதான்.